அடுக்களை மேடையும் ஆரத்தித் தண்ணீரும்

"சிமெண்டுல மேடையா? அது மாட்டுத் தொழுவத்துக்குப் போடுறது இல்லியா மக்கா" என்று அம்மா கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் கேட்டதில் தப்பில்லை. எங்கள் பழைய தொழுவத்தில் அப்பா போட்ட சிமெண்ட் தரை முப்பது வருஷமாகக் குளம்பு மிதிபட்டு, சாணியும் கோமியமும் பட்டு, இன்றைக்கும் அப்படியே கிடக்கிறது. அதையே தாங்கினது அடுக்களையைத் தாங்காதா என்றுதான் நான் கணக்குப் போட்டேன். தப்புக்கணக்கு. மாடு தரையில் புளிக்கரைசல் கொட்டாது, எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கவிழ்த்து வைக்காது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. அடுக்களையை இடித்துக் கட்டினபோது மேடைக்கு கிரானைட் வேண்டாம், கான்கிரீட்டில் நாமே வார்ப்போம், அதிலும் முடிந்தவரை மண்ணுக்கும் தண்ணீருக்கும் கெடுதல் இல்லாத சாமான்களை வைத்துச் செய்வோம் என்று கிளம்பினேன். ஏழடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை இஞ்ச் கனம். இவ்வளவுதான் வேலை. இதை முடிக்க இரண்டு பலகை வார்க்க வேண்டி வந்தது, ஏனென்றால் முதல் பலகை இப்போது கிணற்றடியில் துவைகல்லாக இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. யாராவது வீடு இடிக்கிறார்கள், பழைய கிரானைட்டோ கடப்பாக் கல்லோ முழுசாகக் கிடைக்கிறது என்றால், இந்தப் பதிவை இத்தோடு மூடிவிட்டுப் போய் அதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே அறுத்து, ஏற்கெனவே மெருகு போட்டு, யாருக்கும் வேண்டாமல் கிடக்கிற கல்லைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்ல மேடை கிடையாது. எனக்கு அப்படிக் கிடைக்கவில்லை என்பது பாதிக் காரணம். கான்கிரீட் ஆசை மீதிப் பாதி.

ஆசை எங்கிருந்து வந்தது என்றால், பத்மநாபபுரம் அரண்மனைத் தரையிலிருந்து. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எப்படியும் ஒரு தடவை வரிசையாக அங்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனால் காலுக்குக் குளுகுளு என்று ஒரு கறுத்த தரை, குனிந்தால் முகம் தெரியும். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, மணல், செடிச்சாறு எல்லாம் போட்டு இழைத்தது என்று வழிகாட்டி சொல்லுவார். சேர்மானத்தில் என்னவெல்லாம் போட்டார்கள் என்பது இருக்கட்டும், எனக்குப் பிடிபட்டது வேறு. அந்தப் பளபளப்பு மேலே பூசினது இல்லை, தேய்த்துத் தேய்த்து வந்தது. மேலே ஒரு தோல் போர்த்தி மினுக்குவதற்கும் பொருளையே தேய்த்து மினுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த மேடை வேலை முழுவதும். இது எனக்கு முதல் பலகை போடும்போது தெரிந்திருந்தால் காசு மிச்சம்.

சரி, சிமெண்டுக்கு வருவோம். எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான், கான்கிரீட் எப்படிப் பசுமை ஆகும் என்று. நியாயமான கேள்வி. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் 1450 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டுத்தான் கிளிங்கர் வருகிறது, அதை அரைத்தால்தான் சிமெண்ட். அந்தச் சூட்டுக்கு எரிக்கிற கரியின் புகை ஒரு பக்கம். அதைவிட அதிகமாக, சுண்ணாம்புக்கல் தனக்குள் வைத்திருக்கிற கரியமில வாயுவையே வெளியே விடுகிறது. சூரியசக்தியில் சுட்டாலும் இந்தப் பங்கு குறையாது, கல்லின் குணம் அப்படி. ஆகவே செய்யக்கூடியது ஒன்றுதான், கிளிங்கரைக் குறைத்து வேறு எதையாவது அதன் இடத்தில் போடுவது.

அதற்காக எங்கேயும் அலைய வேண்டியதில்லை. கடையில் பி.பி.சி., அதாவது சாம்பல் கலந்த சிமெண்ட், என்று கேட்டாலே போதும். ஐ.எஸ். 1489 என்கிற இந்தியத் தரப்படி அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் இருக்கலாம், எத்தனை சதவீதம் என்று மூட்டையிலேயே அச்சடித்திருக்கும், பார்த்து வாங்கலாம். தூத்துக்குடி அனல்மின் நிலையத்தில் மலைபோல் குவிகிற சாம்பலுக்கு இதைவிட நல்ல போக்கிடம் இல்லை. உருக்காலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் 25 முதல் 70 சதவீதம் வரை கசடு. அந்தச் சிமெண்ட் கொஞ்சம் வெளிறின நிறத்தில் வரும், மேடைக்கு அழகாகவும் இருக்கும். எங்கள் கடையில் அது இல்லை, பி.பி.சி. வாங்கினேன்.

கொத்தனார் அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. "சாம்பல் கலந்ததுக்கு ஜீவன் இருக்காது பாத்துக்க, 53 கிரேடு வாங்கு" என்றார். ஜீவன் உண்டு, மெதுவாக வரும். சாம்பல் தானாக இறுகாது. சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது மிச்சமாகிற சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு அது பிறகு இறுகுகிறது. அதனால்தான் சாதாரண சிமெண்டுக்கு ஏழு நாள் நனைத்தால் போதும் என்கிற ஐ.எஸ். 456, கலப்பு சிமெண்டுக்குக் குறைந்தது பத்து நாள் என்கிறது. இரண்டாவது பலகைக்கு நான் பதினான்கு நாள் ஈரச்சாக்கு போட்டு வைத்தேன், காலையும் மாலையும் சாக்கை நனைப்பது அம்மாவின் வேலை. மிச்சச் சுண்ணாம்பு குறைந்தால் பின்னால் வெள்ளை பூப்பதும் குறையும், எலுமிச்சைச் சாறு அரிப்பதற்கு இரையும் குறையும். மேடைக்கு பி.பி.சி. நல்லது என்று நான் சொல்வதற்குக் கரியமில வாயுவைவிட இதுதான் பெரிய காரணம்.

இன்னொரு சிமெண்ட் இருக்கிறது, எல்.சி.3 என்பார்கள். பாதி கிளிங்கர், 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மிச்சம் ஜிப்சம். சுவிட்சர்லாந்து, கியூபா ஆய்வாளர்களோடு நம் சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து வளர்த்தெடுத்தது, 2023-இல் ஐ.எஸ். 18189 என்று தரமும் வந்துவிட்டது. இதைப் பற்றிப் படித்தபோது எனக்குத் தோன்றினது, அட, இது நம்ம சுர்க்கி இல்லையா! செங்கலைப் பொடித்துச் சுண்ணாம்போடு சேர்த்து 1895-இல் முல்லைப் பெரியாறு அணையையே கட்டி நிறுத்தினார்களே, அதன் கொள்ளுப்பேரன்தான் இது. எங்கள் ஊரில் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வெள்ளை சிமெண்ட் வேண்டாம். படங்களில் பார்க்கிற பால்வெள்ளை மேடைக்கு ஆசைப்பட்டு நானும் யோசித்தேன். அதைச் சுட இன்னும் அதிக எரிபொருள் பிடிக்கும், பெரும்பாலும் ராஜஸ்தான் பக்கமிருந்து வருகிறது, நம் அடுக்களை மஞ்சளுக்கும் மிளகாய்க்கும் அது ஒரு வாரம் தாங்காது. நிறம் வேண்டுமென்றால் காவி இருக்கிறது. அம்மாச்சி வீட்டுச் செந்தரை எல்லாம் இரும்பு ஆக்சைடுதானே, சிமெண்ட் எடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகாமல் கலந்தால் பலத்துக்கும் கேடில்லை.

இப்போது ஒரு கணக்கு சொல்கிறேன். எங்கள் மேடை மொத்தமே 120 கிலோவுக்குள். அதில் சிமெண்ட் 20 கிலோ சொச்சம், அதாவது ஒரு மூட்டையில் பாதிகூட இல்லை. சாதாரண சிமெண்டுக்குப் பதில் பி.பி.சி. போட்டதில் நான் மிச்சம் பிடித்த கரியமில வாயு ஐந்து கிலோ இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். மேலே பூசுகிற எண்ணெயையும் ரசாயனத்தையும் தேடி நான் நாகர்கோவிலுக்கு பைக்கில் போய்வந்ததே ஐந்து தடவை! அத்தோடு முதல் பலகை வீணாகி இரண்டாவது போட்டதில், பசுமைக் கணக்கு முழுவதும் தலைகீழ். ஆகவே எந்தச் சாமான் நல்லது என்று மண்டையை உடைப்பதற்கு முன்னால், ஒரே தடவையில் உருப்படியாகச் செய்ய வழி பார்க்க வேண்டும். இதை நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

மணல் விஷயம் எங்கள் மாவட்டத்தில் கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமானது. ஆற்று மணல் பேச்சே இல்லை, எம்-சாண்ட்தான். அந்த எம்-சாண்ட் எங்கள் மலையை உடைத்து வருவது. களியக்காவிளை வழியாகக் கல்லும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு கேரள எல்லை தாண்டுகிற டாரஸ் லாரிகளின் பின்னால் பைக் ஓட்டினவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே கடற்கரை இருக்கிறதே, அந்த மணலை எடுத்தால் என்ன என்று ஒரு உறவுக்காரர் கேட்டார். கூடவே கூடாது. உப்பு, உள்ளே வைக்கிற கம்பி வலையைத் தின்றுவிடும், மேலே வெள்ளையாகப் பூக்கவும் செய்யும். அதோடு மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கறுத்த மணலில் இல்மனைட், சிர்கான், கார்னெட்டோடு மோனசைட்டும் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம். அதைப் பிரித்தெடுக்க அரசு ஆலையே இருக்கிறது. அந்த மணலை வாரிக்கொண்டு வந்து சோறு பொங்குகிற இடத்தில் பலகையாக வைக்க எந்தத் தேவையும் இல்லை.

ஜல்லிக்குத்தான் ஒரு நல்ல வழி கிடைத்தது. மயிலாடிக்குப் போனேன். சிற்பக் கொட்டகைகளில் உளி பட்டுத் தெறித்த சில்லுகள் வாசல் எங்கும் கிடக்கும். "எடுத்துக்கிடுங்க, எங்களுக்கு அள்ளிப் போடுற கூலி மிச்சம்" என்றார் ஒரு பெரியவர். ஒரு சாக்கு நிறைய அள்ளினேன். வீட்டுக்கு வந்து கழுவி, அரித்து, முக்கால் இஞ்சுக்கு மேல் உள்ளதை எல்லாம் கழித்தேன். ஒன்று கவனிக்க வேண்டும், உளிச் சில்லு தட்டையாக இருக்கும், உருண்டை ஜல்லிபோல வழுக்கிக்கொண்டு இறங்காது, தண்ணீர் கூடக் கேட்கும். தண்ணீர் கூடினால் பலகை கெடும். அதனால் பாதி சில்லு, பாதி கடையில் வாங்கின சிப்ஸ் ஜல்லி என்று கலந்தேன், தண்ணீரைச் சிமெண்ட் எடையில் 0.4 பங்குக்குள் நிறுத்தி, தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்குகிற பிளாஸ்டிசைசர் கொஞ்சம் விட்டேன். அது இரசாயனம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது கிலோ சிமெண்டுக்கு ஒரு டீ கிளாஸ்கூட வேண்டாம், அதை விட்டால் சிமெண்டைக் கூட்ட வேண்டியிருக்கும். தேய்த்த பிறகு அந்தச் சில்லுகள் கறுப்பும் நீலமுமாகத் தெரியும்போது, எந்தச் சாமியின் விரல்நுனியிலிருந்து தெறித்ததோ என்று நினைத்துக்கொள்வேன்.

உடைந்த கண்ணாடிப் பாட்டிலைப் போட்டால் மினுங்குமே என்பவர்களுக்கு: கண்ணாடியில் உள்ள சிலிக்காவோடு சிமெண்டின் காரம் வினைபுரிந்து வருஷக் கணக்கில் வீங்கி வெடிப்பு விட வாய்ப்புண்டு. சாம்பல் சிமெண்ட் அதைக் கொஞ்சம் அடக்கும். நான் அந்த வம்புக்குப் போகவில்லை. உமிச்சாம்பலும் யோசித்தேன், நாஞ்சில் நாட்டில் நெல்லுக்கா பஞ்சம். ஆனால் அதைக் குறிப்பிட்ட சூட்டுக்குள் எரித்தால்தான் சிமெண்டோடு சேருகிற குணம் வரும், ஆலை அடுப்பில் கண்டபடி எரிந்த சாம்பல் கறுப்பு நிறம் தருமே ஒழிய பலம் தராது.

ஆர்வக்கோளாறில் செய்த ஒரு கிறுக்குத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்களிடம் கொஞ்சம் ரப்பர் மரம் உண்டு. லேடெக்ஸ் கலந்த கான்கிரீட்டுக்கு வெடிப்பு குறையும் என்று படித்துவிட்டு, கையிலிருக்கும்போது எதற்கு வாங்க வேண்டும் என்று காலையில் வெட்டின பாலை ஒரு சின்னச் சட்டியில் கலவையோடு ஊற்றிப் பார்த்தேன். ஊற்றின உடனேயே திரிந்துவிட்டது. மோரில் உப்புப் போட்டதுபோல நூல் நூலாக, கரண்டியைச் சுற்றிக்கொண்டு. சிமெண்டில் இருக்கிற கால்சியம் பட்டால் பச்சை ரப்பர் பால் திரியும், அதற்கென்று பக்குவம் செய்த பால் வேறு. கொத்தனார் அண்ணன் அந்தக் கரண்டியைத் தூக்கிக் காட்டி இரண்டு நாள் சிரித்தார்.

அச்சுக்கு ஆக்கர் கடையில், அதாவது பழைய சாமான் கடையில், பழைய அலமாரிக் கதவு கிடைத்தது, மேலே மைக்கா ஒட்டினது, அதன் மழமழப்பு அப்படியே பலகையின் முகத்தில் இறங்கும். சென்ட்ரிங் பலகைக்குக் கழிவு ஆயில் தடவுவதுதான் வழக்கம். எண்ணெய்க் கறை, நாற்றம், கழுவினால் மண்ணுக்குள் போகும். அதற்குப் பதில் தேங்காயெண்ணெயைத் துணியில் தொட்டு, தடவினது தெரியாத அளவுக்குத் தேய்த்துவிட்டால் போதும். சிமெண்டின் சுண்ணாம்பும் எண்ணெயும் சேர்ந்து மெல்லிய சோப்புப் படலம் ஆகிவிடும், அச்சு வழுக்கிக்கொண்டு கழன்றுவரும். தாராளமாக ஊற்றினால் முகம் முழுக்கப் பொத்தல் விழும்.

இனி முதல் பலகை. அதில் இரண்டு தப்பு. சிங்குக்கு விட்ட ஓட்டையின் மூலைகளைச் சதுரமாக விட்டுவிட்டேன். கான்கிரீட் வெடிக்க ஆரம்பிக்கிற இடமே கூர்மூலைதான். அங்கே வலையைக் குறுக்காக ஒரு துண்டு கூட வைத்து, மூலையை வளைவாக விட்டிருக்க வேண்டும். இரண்டாவது தப்பு பூச்சு. மினுமினுப்பாக வரும், சொட்டுத் தண்ணீர் இறங்காது என்று ஒரு கடையில் தலையில் கட்டிவிட்ட தின்னர் கலந்த அக்ரிலிக் பூச்சை, பலகை காய்ந்துவிட்டது என்று நினைத்து ஆடி மழையில், வார்த்த பன்னிரண்டாம் நாளே அடித்துவிட்டேன். அடித்த அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிட முடியவில்லை, அவ்வளவு நெடி, அந்த நெடியைத்தான் சுற்றுச்சூழலுக்கு நல்ல வேலை என்று கிளம்பின நான் அடுக்களைக்குள் கொண்டுவந்திருந்தேன். நாலு நாளில் பூச்சுக்கு அடியில் வெளியேற முடியாத ஈரம் பால்போல வெளுத்துத் தெரிந்தது. அப்புறம் ஒரு நாள் காலையில் அம்மா புட்டுக்குடத்தை அடுப்பிலிருந்து இறக்கி வைத்தாள். தூக்கும்போது குடத்தின் அடியோடு வட்டமாக ஒரு தோல் உரிந்து வந்தது.

அந்த உரிந்த வட்டத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது. மத்தியானம் மீன்குழம்புக்கு அரைத்த மசாலா அங்கே சிந்தி, துடைத்தால், மஞ்சள் கறை இருக்க வேண்டிய இடத்தில் நல்ல ரத்தச் சிவப்பு. அம்மா பயந்துவிட்டாள். நானும் ஒரு நொடி முழித்தேன், பிறகுதான் புரிந்தது, இது ஆரத்தி! மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவக்கும், அதே கதை. பலகைக்குள் காரம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது, நான் அதற்குள் மேலே மூடி போட்டிருக்கிறேன். பரிசோதனைக் கூடத்தில் இதற்கு ஃபீனால்ஃப்தலீன் சொட்டுவார்கள், நமக்கு அஞ்சறைப் பெட்டி போதும். பூச்சைச் சுரண்டி எடுக்கப் பலகையைக் கழற்றினபோது சிங்கு மூலையில் கீறல் விழுந்து இரண்டாகப் போய்விட்டது. கிணற்றடிக்குப் போனது பெரிய துண்டு.

இரண்டாவது பலகைக்குப் பொறுமையாக இருந்தேன். பதினான்கு நாள் நனைத்து, பிறகு தண்ணீர் விட்டுக்கொண்டே டயமண்ட் பேடால் சொரசொரப்பான 50-ஆம் நம்பரில் தொடங்கி நைசான 800 வரை தேய்த்தேன். தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது, கல்லும் எம்-சாண்டும் பறக்கிற தூள் சிலிக்கா, நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. தண்ணீர் விட்டாலும் முகமூடி வேண்டும். தேய்த்த சேற்றுத் தண்ணீர் நல்ல காரம், எங்கள் வீட்டு ஓடை நேரே குளத்துக்குப் போகிறது, அதில் விட்டால் மீனுக்கு ஆகாது. வாளியில் தெளியவிட்டு, அடியில் தங்கின வண்டலைக் காயவைத்துப் படிக்கட்டுக் குழியில் நிரப்பினேன்.

அடுத்தது சோடியம் சிலிக்கேட், வாட்டர் கிளாஸ் என்பார்கள், சோப்புக்காரர்கள் வாங்குகிற சாமான், தண்ணீரில் கலக்குவது, நெடி இல்லை. பலகைக்குள் மிச்சமிருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து உள்ளேயே கல்லாகிவிடும், துவாரம் அடைபடும், உரிவதற்குத் தோல் கிடையாது. மேலே மிஞ்சினதைக் கழுவிவிடாவிட்டால் வெள்ளைப் பொருக்கு பிடிக்கும். ஆனால் இது புளியைத் தடுக்காது, எண்ணெய்க் கறையையும் முழுசாகத் தடுக்காது. அதற்கு மேலே ஏதாவது வேண்டும்.

அந்த ஏதாவதுக்காகத்தான் ஐந்து தடவை நாகர்கோவில். முதலில் எல்லாரும் சொல்வது தேங்காயெண்ணெய். அம்மாச்சி செந்தரையை அதில்தான் தேய்ப்பாள், பளபளக்கும், உண்மை. ஆனால் அவள் மாசாமாசம் தேய்த்தாள், தரையில் யாரும் சோறு பரிமாறவில்லை. தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் காய்ந்து இறுகாது, பிசுக்காகவே நின்று சிக்கு வாடை அடிக்கும். முந்திரித் தோட்டு எண்ணெய் இன்னொரு யோசனை. அண்டி ஆபீஸ் என்கிற முந்திரி ஆலை இல்லாத ஊர் இந்தப் பக்கத்தில் குறைவு, வள்ளத்துக்குத் தடவி மரத்தைக் காப்பாற்றுகிற எண்ணெய் அது, நன்றாகவே இறுகும். ஆனால் அண்டி உடைக்கிற பெண்களின் கையைப் பார்த்தவர்கள் அதை அடுக்களைக்குள் விடமாட்டார்கள். தோலைப் பொத்துவிடும்.

காய்ந்து இறுகுகிற எண்ணெய் வேண்டும், அதுவும் வாயில் வைக்கக்கூடியதாக வேண்டும் என்றால் ஆளிவிதை எண்ணெய்தான். ஹார்டுவேர் கடையில் டபுள் பாயில்டு லின்சீடு என்று கிடைப்பதில் சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்ப்பதுண்டு, அது கதவு ஜன்னலுக்கு. செக்கில் ஆட்டின ஆளிவிதை எண்ணெய் காய வாரக்கணக்கில் பிடிக்கும், பிடிக்கட்டும். இதை மட்டும் மறக்க வேண்டாம்: துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்தோ கொடியில் விரித்தோ காயப்போட வேண்டும்.

எண்ணெய்க்கு மேல் மெழுகு. அதற்கு மார்த்தாண்டம் இருக்கிறது. ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கிற ஊர், அடை உருக்கின மெழுகு கட்டியாகக் கிடைத்தது, கையில் எடுத்தாலே தேன் வாசம். ஒரு பங்கு மெழுகு, நாலு பங்கு ஆளிவிதை எண்ணெய், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கி ஆறவிட்டால் வெண்ணெய்ப் பதத்துக்கு வரும். கை மணமும் நிறமும் மாறிப்போகிற வேலை என்றாலும் அன்றைக்கு யாரும் பட்டினி கிடக்கவில்லை.

ஆனால் எப்போது பூசுவது? காரம் அடங்காத பலகையில் எண்ணெய் பட்டால் சோப்பாகித் திரியும். வாரம் ஒரு தடவை ஒரு மூலையில் மஞ்சள் குழைத்து ஒரு பொட்டு வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் குங்குமம். ஐந்தாவது வாரம் செங்கல் நிறம். ஏழாவது வாரம் வைத்த பொட்டு மஞ்சளாகவே நின்றது. அம்மா அதற்குள் "மேடைக்குக் கல்யாணமா நடத்துக" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் எண்ணெய் தொட்டேன், மூன்று நாள் விட்டு மூன்று கை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரத்தில் மிச்சத்தைத் துடைத்து எடுத்துவிட்டு, கடைசியில் மெழுகு.

குறை இல்லை என்று சொல்ல வரவில்லை. தேன்மெழுகு 62 டிகிரிக்கு மேல் உருகும், சுடுபாத்திரம் வைத்தால் மங்கலாக வட்டம் விழும், பலகையோ பனையோலைத் தடுக்கோ கட்டாயம் வேண்டும். எலுமிச்சைச் சாறு ஐந்து நிமிஷம் நின்றால் சொரசொரப்பு தெரியும். நாலு மாசத்துக்கு ஒரு தடவை மெழுகு தேய்க்க வேண்டும், அது அரைமணி நேர வேலை. எபாக்ஸி அடித்தால் இந்தத் தொந்தரவு இருக்காதே என்று மச்சான் கேட்டார். இருக்காது, சில வருஷம். அது கீறினால் நடுவில் ஒட்டுப் போட முடியாது, வெயில் படுகிற பக்கம் மஞ்சளிக்கும், சாதாரண எபாக்ஸி புட்டுக்குடச் சூட்டுக்கே இளகும், சுரண்டி எடுக்கிற தூளுக்குப் போக்கிடம் கிடையாது. மெழுகு மேடையில் கறை பட்ட இடத்தை மட்டும் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் திரும்பப் பூசினால் போதும். எனக்கு இது சரி. அடிக்கடி கவனிக்க நேரமில்லாதவர்கள் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரித்தேன் பூச்சுப் பக்கம் போகலாம், தின்னர் நெடி இல்லாததாகப் பார்த்து.

போன மாசம் தங்கச்சி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா மேடையில் வைத்துத்தான் ஆரத்தி கரைத்தாள். அவசரத்தில் தட்டு தளும்பிவிட்டது. எல்லாரும் வாசலுக்குப் போய்விட்டார்கள், துடைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை. சாயங்காலம் பார்த்தால் பிறை நிலாபோல ஒரு சிவப்புத் தடம். 400 பேடை எடுத்துத் தேய்க்கலாம், பத்து நிமிஷ வேலை என்று சொன்னேன். "ஒண்ணும் வேண்டாம், கெடக்கட்டும்" என்று அம்மா உப்புப் பரணியை நகர்த்தி அதன்மேல் வைத்துவிட்டுப் போனாள்.